நிற்க வைத்துச் சுரண்ட வேண்டும்

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் நாங்களே செய்த மோட்டார் சுற்றியது. ஒரு பெரிய டார்ச் செல், அதன் இரண்டு முனையிலும் செம்புக் கம்பிக் கால்கள், செல்லின் முதுகில் ஒரு காந்தம், காந்தத்துக்கு மேலே இருபது சுற்றுக் காயில். விரலால் லேசாகத் தட்டிவிட்டதும் ஒரு தரம் தயங்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பதினேழு நிமிடம் நிற்கவில்லை. தட்டில் ரசம் ஆறிப்போனது எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

"அரை மணி நேர வேலை கண்ணு, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சுரும்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஆனது. அதில் முதல் ஆறு நாளும் செய்தது ஒரே தப்பு. அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

இத்தனைக்கும் ஊர் கோயம்புத்தூர். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர். நான் வேலை பார்க்கிற நூல் மில்லில் திரும்பின பக்கமெல்லாம் மோட்டார். ஆனால் எனக்குக் கணக்குப் பிரிவு. மோட்டாரை வவுச்சரில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கடையில் கிடைக்கிற பொம்மை மோட்டாரை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது, தானே செய்த மோட்டாராக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம். நல்ல நிபந்தனைதான்.

முதல் ஞாயிறு, கம்பி. பரணில் ஓடாத டேபிள் ஃபேன் ஒன்று கிடந்தது. பிரித்து அதன் காயிலை உருவினேன். அந்தக் கம்பி தலைமுடி மாதிரி. பத்துச் சுற்றுச் சுற்றிக் கையை எடுத்தால் இடியாப்பம் மாதிரி சரிந்து விழுகிறது. போதாததற்கு, எரிந்துபோன ஃபேன் என்பதால் எனாமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு மணி நேரம் வீண். இந்த வேலைக்குத் தன் காலில் தானே நிற்கிற கம்பி வேண்டும். சாயங்காலம் மில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வீட்டுக்குப் போய் 24 கேஜ் வைண்டிங் கம்பி கொஞ்சம் வாங்கி வந்தேன். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிமன். இது நின்றது.

டார்ச் செல் மேலேயே பத்துச் சுற்று சுற்றினோம். விட்டம் 34 மி.மீ. வந்தது. இரண்டு நுனியையும் காயிலின் நடுவில் எதிரெதிராக, ஆளுக்கு 4 செ.மீ. நீட்டிவிட்டு, சுற்றுகள் கலையாமல் அந்தந்தப் பக்கத்தில் இரண்டு முடிச்சு. இந்த நுனிகள்தான் அச்சு. கால்களுக்கு இரண்டு பெரிய ஊக்கு. அவற்றின் வளையத்துக்குள் அச்சு உட்கார்ந்துகொள்ளும். அடியில் பிளைவுட் துண்டு, காந்தம், பக்கத்தில் செல்.

வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. காயிலுக்குள் கரண்டே போகவில்லை. கம்பி செம்பு நிறத்தில் பளபளவென்று இருப்பதால் வெறும் செம்பு என்றே கண் நம்பிவிடுகிறது. மேலே எனாமல் பூச்சு இருக்கிறது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் பீப் வரவில்லை. பிளேடால் சுரண்டினேன். பிளேடு கம்பியில் வெட்டு விழ வைத்து, இரண்டாம் முறை நிமிர்த்தும்போது நுனி ஒடிந்தது. அப்புறம் 220 உப்புத்தாள்தான். இரண்டாக மடித்து, கம்பியை நடுவில் வைத்து இழுத்தால் சுத்தமாக வருகிறது.

இரண்டு நுனியையும் முழுக்கத் தேய்த்து வைத்ததும் காயில் ஒரு உதை உதைத்தது. மகள் கத்தியே விட்டாள். ஆனால் கால் சுற்று போனதும் நின்று, திரும்பி, ஊஞ்சல் அடங்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி, படுத்த வாக்கில் அசையாமல் நின்றுவிட்டது. எத்தனை தரம் தட்டிவிட்டாலும் அதே கதை. கரண்ட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மீட்டரில் 2.2 ஆம்பியர். 1.5 வோல்ட் காட்டிய செல் 0.9க்கு இறங்கி, ஒரு நிமிடத்தில் கை சுட்டது.

ஏன் என்பது அப்போதே புரிந்தது. கரண்ட் போனால் காயில் ஒரு தட்டைக் காந்தமாகிறது. அதற்கும் வடக்கு முகம், தெற்கு முகம் உண்டு. கீழே இருக்கிற காந்தத்துக்குத் தோதான முகத்தைக் காட்டுகிற வரை திரும்பும். காட்டியாகிவிட்டால், பந்தியில் இடம் பிடித்தவன் மாதிரி, எழுந்திருக்காது. அதைச் சுற்ற வைக்க வேண்டுமென்றால் அது உட்காரப் போகிற நேரத்தில் கரண்டை நிறுத்த வேண்டும். வந்த வேகத்தில் மிச்ச அரை வட்டத்தையும் தாண்டி வந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு வழி, நுனியின் ஒரு பாதியை மட்டும் சுரண்டி, மறு பாதியில் எனாமலை அப்படியே விடுவது. அச்சு உருளும்போது அரைச் சுற்று செம்பு ஊக்கைத் தொடும், அரைச் சுற்று எனாமல் தொடும். சுவிட்சும் அதுவே, அச்சும் அதுவே.

இதெல்லாம் தெரிந்துதான் புதுக் காயில் சுற்றி, செய்தித்தாள் மேல் படுக்க வைத்து, இடது கை விரலால் காயிலை அழுத்திக்கொண்டு, இரண்டு நுனியிலும் மேல் பக்கத்தை மட்டும் நிதானமாகத் தேய்த்தேன். வைத்தேன். சுற்றவில்லை. துள்ளியது, நடுங்கியது, ஒரு தரம் முக்கால் சுற்று போய்த் திரும்பி வந்தது. சுற்றவில்லை.

இனி வருவது ஐந்து நாள் தப்பான சந்தேகம்.

திங்கட்கிழமை காந்தத்தைச் சந்தேகப்பட்டேன். அதுவரை வைத்திருந்தது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற ரப்பர் காந்தம். அது இந்த வேலைக்கு உதவாது என்பது உண்மை. அதில் வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருக்கும், கொஞ்சம் தள்ளினாலே பலம் கிடையாது. காயலான் கடையில் பழைய ஸ்பீக்கர் ஒன்றை 40 ரூபாய்க்கு வாங்கி, உளியால் தட்டி வளையக் காந்தத்தை எடுத்தேன். 7 செ.மீ. விட்டம், நல்ல கனம். காயிலை வளையத்தின் நடு ஓட்டைக்கு நேர் மேலே வைத்தேன். நடுவில் வைப்பதுதானே முறை! நடுக்கம்கூடக் குறைந்துவிட்டது. காந்தம் ஏற்றிய தையல் ஊசியை நூலில் தொங்கவிட்டு வளையத்தின் மேல் நகர்த்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வளையத்தின் உடம்புக்கு மேலே ஒரு முனை கீழே குத்துகிறது, ஓட்டைக்குக் கிட்டே கொண்டுபோனால் ஊசி தலைகீழாகத் திரும்புகிறது. ஓட்டைக்குள் திசையே எதிர்ப்பக்கம். மேலே ஏற ஏற அது தேய்ந்து, ஓர் உயரத்தில் ஒன்றுமில்லாமல் போய், அப்புறம்தான் திரும்புகிறது. நான் காயிலைச் சரியாக அந்த ஒன்றுமில்லாத இடத்தில் வைத்திருந்தேன். ஓட்டையை விட்டு வளையத்தின் உடம்புக்கு மேலே தள்ளி வைத்ததும் துள்ளல் பலமானது. சுற்றவில்லை.

செவ்வாய், கரண்ட் போதவில்லை என்று முடிவு கட்டினேன். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டைக் கொடுத்தால் சார்ஜர் விட்டு விட்டுக் கண் சிமிட்டியது. பத்துச் சுற்றுக் காயிலின் மின்தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சார்ஜருக்கு அது ஷார்ட் சர்க்யூட். தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, திரும்ப உயிர் பெறுகிறது, மறுபடி அணைகிறது. அடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழைய பவர் பேங்க்கிலிருந்து எடுத்த லித்தியம் செல்லை இணைத்தேன். காயில் எனாமல் வாடையோடு புகைந்தது, ஊக்கு விரலைச் சுட்டது. பிடுங்கிப் போட்டேன். அந்த செல்லை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. டார்ச் செல் பலவீனமானது என்பதுதான் இந்த வேலையில் அதன் நல்ல குணம்.

புதன், காயில் சமநிலையில் இல்லை என்று சந்தேகம். இதுவும் பாதி உண்மை. செல் இல்லாமல் வைத்துத் தட்டிவிட்டால் ஒரே பக்கம் கீழே வந்து நின்றது. நுனிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்று அரை மி.மீ. மேலே. கண்ணாடி மேசை மேல் உருட்டி உருட்டி நேராக்கினேன். வியாழன், ஊக்குகளை எடுத்துவிட்டு, வீட்டு எர்த்துக்குப் போட்டு மீந்த 14 கேஜ் செம்புக் கம்பியில் கால் செய்தேன். இரண்டரை அங்குல ஆணி மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் அழகான கண் வருகிறது. மீட்டர் 2.2க்குப் பதில் 2.6 காட்டியது. ஊக்கின் முலாமும் தொடுமிடமும் அவ்வளவு கரண்டைத் தின்றிருக்கின்றன. எல்லாம் சரி. சுற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றும் செய்யவில்லை, கோபத்தில் இருந்தேன். "பொம்மை மோட்டாரையே ஒட்டிட்டுப் போயிரட்டுமாப்பா" என்றாள் மகள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஊரில் கணபதி என்கிற பகுதியில், எரிந்த மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்றுகிற ரீவைண்டிங் கடை ஒன்றுக்குப் போனேன். பாதிக் கம்பி வீணாகியிருந்ததால் 24 கேஜ் 100 கிராம் வாங்கத்தான் போனது. 100 கிராமுக்கு ஏறக்குறைய 45 மீட்டர் வரும், 130 ரூபாய். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தராசில் கம்பியை வைத்துக்கொண்டே, "எதுக்குங் தம்பி இத்தினியூண்டு?" என்றார். சொன்னேன். பையிலிருந்த காயிலையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதிதான் சுரண்டிருக்கீங்க, சரி. காயிலை நிக்க வெச்சுச் சுரண்டுனீங்களா, படுக்க வெச்சா?"

"படுக்க வெச்சுத்தானுங்ணா."

"அதான். நிக்க வெச்சுச் சுரண்டோணும்."

அவ்வளவுதான். நான் முழிப்பதைப் பார்த்து, உள்ளே கூப்பிட்டுப் போனார். ஏதோ மில்லிலிருந்து வந்த பழைய டி.சி. மோட்டார் ஒன்று மூடி திறந்து கிடந்தது. உள்ளே செம்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த, காயிலுக்குக் கரண்டை மாற்றி மாற்றிக் கொடுக்கிற கம்யூட்டேட்டர், அதை அழுத்திக்கொண்டு கரண்டைக் கொண்டுவருகிற கார்பன் பிரஷ்கள், பிரஷ்களைத் தாங்குகிற ஒரு வளையம். வளையத்தில் உளியால் போட்ட ஒரு கோடு, பாடியிலும் அதற்கு நேராக ஒரு கோடு. ஓட விட்டார். சத்தமில்லாமல் ஓடியது. நட்டைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் வளையத்தை ஒரு விரக்கடை நகர்த்தினார். பிரஷ்ஷுக்கு அடியில் பச்சையும் நீலமுமாகப் பொறி பறந்தது, மோட்டார் முனக ஆரம்பித்தது. திரும்பக் கோட்டுக்குக் கோடு வைத்ததும் அடங்கியது. "காயில் எந்த எடத்துல இருக்கறப்போ கரண்ட் மாறோணுமோ அந்த எடத்துல மாறோணும். முன்னயும் கூடாது பின்னயும் கூடாது" என்றார். கம்பிக்கு மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதே கணக்கு நேராகிவிட்டது. காந்தம் அடியில் இருக்கிறது. காயில் நிமிர்ந்து நிற்கும்போதுதான் அதன் மேல் திருப்பு விசை அதிகம். படுத்த நிலையில் விசையே இல்லை. அதைத் தாண்டினால் விசை எதிர்த்திசைக்கு மாறும். ஆகவே படுத்த நிலையில் தொடங்கி, நிமிர்ந்து, மறுபக்கம் படுக்கிற வரை, அந்த அரை வட்டத்துக்குத்தான் கரண்ட் வேண்டும். நான் படுக்க வைத்துச் சுரண்டியதால் என்ன ஆனது? நிமிர்ந்த நிலையில் தொடங்கி, படுத்து, மறுபடி நிமிர்கிற வரை கரண்ட் போயிருக்கிறது. முதல் கால் வட்டம் முன்னே தள்ளும், அடுத்த கால் வட்டம் அதே அளவு பின்னே இழுக்கும். வரவும் செலவும் சரி, கையிருப்பு சைபர். கணக்குப் பிரிவில் இருக்கிறவனுக்கு இது ஆறு நாள் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நிமிட வேலை. காயிலைத் தடிமனான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே சொருகி நிமிர்த்தி நிறுத்தினோம். நுனிகள் புத்தக அட்டை மேல் கிடந்தன. சுரண்டுவதற்கு முன் மகள் ஒரு யோசனை சொன்னாள். நுனிகளைச் சுற்றி முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிடலாம், தேய்த்த இடம் செம்பாகவும் தேய்க்காத இடம் கறுப்பாகவும் தனியாகத் தெரியும். அது மிக நல்ல யோசனை. மேல் பாதியில் கறுப்பு போகிற வரை தேய்த்தோம். கீழ்ப் பாதியைத் தொடவில்லை. இரண்டு நுனியிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று மீட்டரில் சோதித்தோம். கால்களில் வைத்துக் கையால் மெதுவாக உருட்டினால் அரை வட்டம் பீப், அரை வட்டம் அமைதி. ஒரு நுனியை மேல் பக்கமும் மறு நுனியைக் கீழ்ப் பக்கமும் சுரண்டிவிட்டால் பீப்பே வராது.

செல்லை இணைத்தேன். தட்டினேன். சுற்றியது.

போன் கேமராவில் மெதுஓட்டப் படம் எடுத்து எண்ணினோம். நொடிக்கு 240 ஃபிரேம். ஒரு சுற்றுக்கு 20 ஃபிரேம் ஆனது. நொடிக்கு 12 சுற்று, நிமிடத்துக்கு 720. ஓடும்போது மீட்டர் ஏறக்குறைய 1.3 காட்டியது, கையால் நிறுத்தி செம்புப் பக்கம் தொட வைத்தால் 2.6. பாதி நேரம்தான் கரண்ட் போகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. ஒன்று முக்கியம். அப்படி நிறுத்தி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் செல் தீர்ந்துவிடும்.

அன்றைக்கு மகள்தான் நிறைய கண்டுபிடித்தாள். எதிர்ப்பக்கம் தட்டிவிட்டால் கொஞ்சம் போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்து தன் திசையிலேயே ஓடியது. செல்லைத் திருப்பி வைத்தால் திசை மாறியது. காந்தத்தைக் கவிழ்த்தாலும் மாறியது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய திசையே. நம் வீட்டு மிக்ஸி, நொடிக்கு நூறு முறை திசை மாறுகிற ஏ.சி. கரண்டில் ஒரே பக்கமாக ஓடுவதும் இந்த நியாயத்தில்தான். அதில் நிலையான காந்தம் கிடையாது. வெளிக் காயிலும் உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரும் ஒரே கரண்டில் தொடராக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன.

ஞாயிற்றுக்கிழமை பேராசை வந்தது. பாதிச் சுற்றுக்கு மட்டும் ஏன் தள்ள வேண்டும், மறு பாதியில் கரண்டைத் திருப்பிவிட்டால் முழுச் சுற்றும் தள்ளுமே! பாடப் புத்தகத்தில் வருகிற பிளவு வளையம் அதைத்தான் செய்கிறது. 1832இல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மோட்டாரிலேயே அந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதற்குப் பதினோரு வருடம் முன்னால் ஃபாரடே சுற்றிக் காட்டிய கம்பிக்கு அது தேவைப்படவே இல்லை. பாதரசக் கிண்ணத்தில் நுனி நனைந்தபடி காந்தத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பாதரசம் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. அதனால் பிளவு வளையம்.

வீட்டு ஏ.சி.யை மாட்டியபோது மெக்கானிக் மிச்சம் விட்டுப் போன கால் அங்குலச் செம்புக் குழாய்த் துண்டு இருந்தது. 12 மி.மீ. வெட்டி, ஹேக்ஸாவால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். 3 மி.மீ. மூங்கில் குச்சியில் பேப்பர் டேப் சுற்றித் தடிமனாக்கி, இரண்டு பாதிகளையும் ஒன்றையொன்று தொடாமல் அரால்டைட்டில் ஒட்டினேன். அதே குச்சியில் காயிலைக் கட்டி, நுனிகளைப் பாதிக்கொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பிரஷ்ஷுக்கு ஒயர் இழைகளைத் தட்டையாக முறுக்கி இரண்டு பக்கமும் உரச விட்டேன். குச்சியின் முனைகள் பாட்டில் மூடி ஓட்டைகளில்.

ஓடியது, ஆனால் தடதடவென்று. இடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பிரஷ் இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் தொட்டு, காயிலை விட்டுவிட்டுக் கரண்ட் குறுக்கே பாய்ந்தது. பொறி, சூடு. பிரஷ்ஷை ஒரு இழையாகக் குறைத்தேன். பொறி குறைந்தது, ஆனால் அந்த இழை சரியாக இடைவெளிக்குள் நிற்கும்போது செல்லை இணைத்தால் மோட்டார் செத்துக் கிடந்தது. விரலால் தட்டினால்தான் உயிர். இரண்டு பாதிகள் என்றால் ஷார்ட் அல்லது சாவு, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வேகமும் குறைவு, ஒரு சுற்றுக்கு 30 ஃபிரேம். பாட்டில் மூடி பிடித்து இழுத்த உராய்வில் கிடைத்த லாபமெல்லாம் போனது.

உடைந்த பொம்மைக் கார் ஒன்றின் மோட்டாரைத் திறந்து பார்த்தோம். இரண்டு வளைந்த காந்தம், மூன்று காயில், கம்யூட்டேட்டரில் மூன்று துண்டு. மூன்று! எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு காயிலுக்குத் தள்ளு கிடைத்துவிடும். அதனால்தான் அந்தக் கார்களை யாரும் தட்டிவிட வேண்டியதில்லை. மிக்ஸி ஆர்மேச்சரில் எண்ணினேன், 24 துண்டு.

திங்கட்கிழமை பிளவு வளையத்தை ஒதுக்கிவிட்டு அரைச் சுரண்டலுக்கே திரும்பினோம். ஆறு நாள் வீண் வேலையில் கற்றதெல்லாம் இங்கேதான் பயன்பட்டது. காந்தத்துக்கு 20 மி.மீ. வில்லை, நியோடிமியம் என்கிற பலமான வகை, இரண்டு 110 ரூபாய். அது செல்லின் தகர உறையில் தானாகவே ஒட்டிக்கொண்டது. 14 கேஜ் கால்களைச் செல்லின் முனைகளில் வைத்து, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கினேன். பிளைவுட்டே வேண்டாம். காயிலின் ஆரம் 17 மி.மீ.; கண்ணின் அடி விளிம்பை வில்லைக்கு 21 மி.மீ. மேலே வைத்தேன், 4 மி.மீ. இடைவெளி. மூன்றில் காயில் காந்தத்தை இடித்தது.

சுற்றுகளையும் மாற்றிப் பார்த்தோம். ஐந்து சுற்றில் உயிரில்லை. பத்தை இருபதாக்கினால் கரண்ட் 2.6இலிருந்து 2.3க்குத்தான் இறங்கியது. தடை காயிலில் இல்லை, செல்லுக்குள்ளும் தொடுமிடங்களிலும்தான் இருக்கிறது. அதனால் சுற்று கூடக் கூட ஏறக்குறைய முழு லாபம். ஆனால் நாற்பதில் காயில் ஒன்பது கிராமைத் தாண்டி, நுனிகள் வளைந்து தொங்கின. இருபதுதான் சரி. ஒரு சுற்றுக்கு 11 ஃபிரேம், நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம்.

பதினேழாம் நிமிடம் நின்றது செல் தீர்ந்ததால் அல்ல. தூக்கிப் பார்த்தால் நுனியில் செம்பு இருந்த இடம் கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட விட்டோம். காலின் கண்ணுக்குள் சின்னச் சின்ன நீலப் பொறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. செம்பு போய் எனாமல் வருகிற நொடியில் காயில் கரண்டை விட மனமில்லாமல் ஒரு பொறியாக விடுகிறது. அந்தப் பொறி செம்பைக் கருக்குகிறது. 400 உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்ததும் முன்பு போலவே ஓடியது. எங்கள் மிக்ஸி தேங்காய் அரைக்கும்போது பின் துவாரத்தில் மின்னுவதும் இந்த ஜாதிதான். அதையும் ஒரு நாள் கழற்ற வேண்டும்.

செலவு: கம்பி 130, ஸ்பீக்கர் 40, வில்லைகள் 110, செல் நான்கு 120, உப்புத்தாள் 20. மொத்தம் 420 ரூபாய். கம்பி இன்னும் முக்கால்வாசி மிச்சம். வளையக் காந்தத்துக்காக வாங்கிய ஸ்பீக்கரைக் கழித்தால் 380இல் முடிந்திருக்கும். அடுத்த முறை முதலிலேயே நியோடிமியம், முதலிலேயே 14 கேஜ் கால், இருபது சுற்று. மார்க்கர் பூசாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே மாட்டேன்.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. மகள் இரண்டு காயில் எடுத்துப் போகிறாள், நிற்க வைத்துச் சுரண்டியது ஒன்று, படுக்க வைத்துச் சுரண்டியது ஒன்று. ஓடாததை முதலில் வைத்து, ஏன் ஓடவில்லை என்று வருகிறவர்களைக் கேட்கப் போகிறாளாம். பாக்கெட்டில் ஒரு துண்டு 400 தாள் மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

செம்புக் குழாயில் இன்னொரு 12 மி.மீ. துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். நூலைச் சுற்றி அளந்தால் 20 மி.மீ.; மூன்றாக மடித்துக் குறித்தாயிற்று. ஹேக்ஸா பிளேடு இதற்குத் தடிமன், வெட்டும்போதே துண்டு சுருங்கிவிடுகிறது. மெல்லிய பிளேடு வாங்கி வர வேண்டும்.